திறவுகோலும் தோழனும்: பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ கற்பிக்கும் நிலைநிற்றல்

தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில், திருமறைக்கும் பாட்டுப் புத்தகத்திற்கும் அடுத்தபடியாக நெடுங்காலம் இடம்பெற்றிருந்த நூல்களுள் ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ ஒன்றாகும். அதனை முழுவதும் படித்திராதவரும் அதன் காட்சிகள் சிலவற்றை அறிவர்: முதுகில் சுமையோடு புறப்படும் மனிதன், உளையில் அமிழ்தல், சிலுவையடியில் சுமை அவிழ்ந்து விழுதல், மாயச்சந்தை, மரண ஆறு. நம் ஆலயங்களில் துன்பத்தையும் பொறுமையையும் குறித்து அருளுரை ஆற்றுவோர் இந்நூலிலிருந்து மிகுதியாக எடுத்தாளும் பகுதி ஐயக்கோட்டை நிகழ்ச்சியே. நம்பிக்கையிழப்பு என்னும் இராட்சதனின் நிலவறையில் அடைபட்ட கிறிஸ்தியான், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததை நினைவுகூர்ந்து, அதனால் கதவுகளைத் திறந்து தப்புகிறான். ‘அன்பரே, திறவுகோல் உம்மிடமே உள்ளது, அதனை எடுத்துத் திறவாதது உமது குறையே’ என்று அருளுரை முடியும்.

யானும் இவ்வாறு பேசியவனே. ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒரு சிற்றூர்ச் சபையில், இக்காட்சியை விரித்துரைத்துவிட்டு ஆலய வாயிலில் நின்றேன். இரண்டாண்டுகளுக்குள் கணவரையும் ஒரே மகனையும் இழந்த அம்மையார் ஒருவர் அருகே வந்தார். அவருடைய தகப்பனார் மாலைவேளைகளில் இந்நூலை வீட்டாருக்கு உரக்கப் படித்துக் காட்டுவாராம். “ஐயா, சாவி அவர்கிட்டதான் இருந்தது, சரி. ஆனா அந்த இருட்டறையில அவருகூட இன்னொருத்தர் இருந்தாரே. நான் ஒண்டியாத்தானே இருக்கேன்?” என்றார். குறைகூறும் குரலில் அவர் அதனைச் சொல்லவில்லை. மெய்யாகவே விடையறிய விரும்பிக் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அன்றிரவு அப்பகுதியை மீண்டும் படித்தபோது, அந்நூலை என்னினும் அவரே நன்கு படித்திருந்தார் என்பது விளங்கிற்று.

அவர் எழுப்பிய வினாவின் வழிநின்று இந்நூலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். துன்பத்தில் நிலைநிற்றல் என்பது தனியொருவனின் மனவலிமையா? பன்யன் அங்ஙனம் கருதினாரா? அவருடைய நூலின் இரு பாகங்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இவ்வினாவிற்குத் தெளிவான விடை கிடைக்கும் என்பது எம் துணிபு. நூலிலுள்ள பெயர்களைப் பொருள் நோக்கித் தமிழில் தருகின்றேன். வாசகர் கைகளிலுள்ள பதிப்புகளில் அவை வேறுபட்டிருக்கலாம்.

1. சிறையும் எழுத்தும்

பன்யன் 1628ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரையடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பழுதடைந்த பாத்திரங்களைச் செப்பனிடுவது அவர்தம் குடும்பத் தொழில். அரசின் ஒப்புதலின்றிக் கூட்டங்கூட்டிப் பிரசங்கித்தார் என்ற குற்றத்திற்காக 1660ஆம் ஆண்டு கைதுசெய்யப்பட்டு, 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். அச்சொல்லை அவர் கொடுக்கவில்லை.

இவ்வளவில் நிறுத்தினால் இவர் தனித்துநின்ற வீரராகவே தோன்றுவார். ஆயின் வரலாறு முழுவதும் அதுவன்று. அவர் சிறைப்பட்ட வேளையில், இரண்டாம் மனைவி எலிசபெத்து கருவுற்றிருந்தார். செய்தி கேட்ட அதிர்ச்சியில் குழந்தையை இழந்தார். முதல் மனைவியின் நான்கு பிள்ளைகளை, அவர்களுள் பார்வையற்ற மூத்த மகள் மேரியை, அவரே காத்தார். 1661ஆம் ஆண்டு நீதிபதிகள் முன்னிலையில் நின்று, கணவரின் விடுதலைக்காக அஞ்சாது வாதாடினார். பன்யன் சிறைக்குள்ளிருந்து காலணிக் கயிறுகளுக்கு முனைகட்டிக் குடும்பத்திற்கு உதவினார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்த்தெடுப்பதனை ஒத்தது என்றும், பார்வையற்ற மகளின் நினைவே எல்லாவற்றினும் மிகுதியாகத் தம்மை வருத்தியது என்றும் தம் ஆன்மிகத் தன்வரலாற்றில், 1666இல் வெளிவந்த ‘மிகுதியான கிருபை’ என்னும் நூலில், அவர் ஒளிவின்றி எழுதியுள்ளார். கலங்காத உள்ளமே விசுவாசத்தின் அடையாளம் என்போர் இப்பகுதியைப் படித்தல் நலம்.

அந்நூலிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. தொழில் நிமித்தம் பெட்ஃபோர்டு தெருவொன்றில் நடந்துசென்ற இளைஞர் பன்யன், ஏழைப் பெண்கள் மூவரோ நால்வரோ வாயிற்படியில் வெயிலில் அமர்ந்து இறைவனின் செயல்களைக் குறித்து உரையாடுவதைக் கேட்டார். தாம் அறியாத ஓர் உலகத்தில் அவர்கள் வாழ்வதாக அவருக்குத் தோன்றிற்று. பின்னர்த் தாம் கிறிஸ்துவை விற்றுவிட்டோம் என்னும் கொடிய எண்ணத்தினால் நெடுநாள் துன்புற்றார். அத்தகைய சோதனைகள் நிறைந்த ஆண்டுகளில், கலாத்தியர் நிருபத்திற்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய உரையின் பழைய, தாள்கள் உதிர்கின்ற படியொன்று அவருக்குக் கிடைத்தது. தம் உள்ளத்திலிருந்தே அது எழுதப்பட்டதுபோல் இருந்தது என்கிறார். அவரைக் கரையேற்றிய துணைகள் இத்தகையன: வாயிற்படியில் அமர்ந்திருந்த ஏழைப் பெண்கள், நூறாண்டுக்கு முன் வாழ்ந்த ஒருவரின் கிழிந்த நூல், நீதிமன்றத்தில் நின்ற மனைவி. தனிமனித வீரத்தின் புலவராக நாம் கருதும் இவர், தம் வாழ்வில் தனியே நின்றவரல்லர்.

2. முதற்பாகத்தில் தோழமை

1678இல் வெளிவந்த முதற்பாகம், மேலோட்டமாகப் பார்த்தால், ஒற்றை மனிதனின் பயணமே. மனைவி மக்கள் கதறி அழைக்கக் கிறிஸ்தியான் காதுகளில் விரலிட்டுக்கொண்டு ஓடும் தொடக்கக் காட்சி, படிக்கும் எவரையும் உறுத்துவது. ஆண்டவருக்காகக் குடும்பத்தையும் விடவேண்டும் என்னும் நற்செய்தி வாக்கின் கடுமை அதில் உண்டு; அதனை மறுப்பதற்கில்லை. எனினும் அதன்பின் நிகழ்வனவற்றைக் கூர்ந்து நோக்கினால், கிறிஸ்தியான் ஓரிடத்திலேனும் தன் வலிமையால் மட்டும் தப்பவில்லை என்பது புலனாகும்.

சோர்வென்னும் உளையில் அவன் அமிழ்கிறான். உடன்வந்த இளகுமனத்தான் தன் வீட்டுப் பக்கமாகக் கரையேறித் திரும்பிவிடுகிறான். கிறிஸ்தியானோ எதிர்க்கரை நோக்கியே போராடுகிறான்; ஆயினும் ஏற இயலவில்லை. ‘உதவி’ என்னும் பெயருடைய ஒருவர் கைகொடுத்துத் தூக்கியபின்னரே வெளியேறுகிறான். அவ்வுளையைப் பற்றிப் பன்யன் கூறும் செய்தி ஆழ்ந்த கருத்துடையது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அரசரின் பணியாளர் அந்நிலத்தைச் செப்பனிட முயன்றனர். நல்லறிவுரைகள் இருபதாயிரம் வண்டிச்சுமைக்கு மேல் அதில் கொட்டப்பட்டன. அத்தனையையும் அது விழுங்கிவிட்டது. இன்றும் உளையாகவே உள்ளது. சோர்வுற்ற ஒருவரை அறிவுரையால் மட்டுமே கரையேற்றிவிடலாம் என எண்ணும் நம்மைப் போன்ற பிரசங்கிகளைக் குறித்து இதனினும் கூர்மையான எள்ளல் கிறிஸ்தவ இலக்கியத்தில் அரிது. பன்யனும் ஒரு பிரசங்கியே. எனவே இவ்வெள்ளல் தம்மையும் உட்படுத்தியதே.

இனி ஐயக்கோட்டைக்கு வருவோம். நேர்வழி கரடுமுரடாகிக் கால்களை வருத்தியபோது, அருகிலிருந்த புல்வெளிப் பாதையில் செல்லலாம் என்று கூறியவன் கிறிஸ்தியானே. தோழன் நம்பிக்கையாளன் தயங்கினான். மூத்தவர் சொல்லை மதித்து உடன்சென்றான். வழிதவறி, இருளில் மழையிற் சிக்கியபின், கிறிஸ்தியான் மன்னிப்பு வேண்டுகிறான். மற்றவன் பழிசொல்லாது மன்னித்துத் தேற்றுகிறான். மறுநாட்காலை இருவரும் இராட்சதன் கையில் அகப்படுகின்றனர். புதன்கிழமை காலை முதல் சனிக்கிழமை இரவு வரை அப்பமில்லை, துளி நீரில்லை, ஒளியில்லை. இராட்சதன் தன் மனைவியின் சொற்கேட்டு முதலில் அவர்களைத் தடியால் அடிக்கிறான்; பின்னர் கத்தி, கயிறு, நஞ்சு இவற்றுள் ஒன்றினால் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளும்படி கூறுகிறான்.

கிறிஸ்தியான் அதற்கு இணங்கும் நிலைக்கு வந்துவிட்டான் என்பதைப் பன்யன் மறைக்கவில்லை. சிலுவையடியில் சுமை நீங்கியவன், அப்பொல்லியோனை எதிர்த்து நின்றவன், சாவின் நிழற்பள்ளத்தாக்கைக் கடந்தவன், இங்கே சாவதே மேல் என்கிறான். அவனைத் தடுத்தவன் நம்பிக்கையாளன். அவனுடைய வாதம் வியப்புக்குரியது. கொலை செய்யலாகாது என்னும் கட்டளையை முதலில் நினைவூட்டுகிறான். பிறகு மிக எளிய செய்திகளைச் சொல்கிறான். இராட்சதன் இறந்துபோகலாம்; கதவைப் பூட்ட மறந்துபோகலாம்; வெயில் நாட்களில் அவனுக்கு வரும் வலிப்பு மீண்டும் வரலாம்; அதுவரை பொறுத்திருப்போம் என்கிறான். இவற்றுள் எதுவும் உயர்ந்த இறையியல் அன்று. ஆயினும் நம்பிக்கையின் இயல்பை இவை சரியாகக் காட்டுகின்றன. என்ன நிகழும் என்பதை அறிந்திருத்தல் நம்பிக்கையன்று. இறைவன் இன்னும் முடிக்காததை முடிந்துவிட்டதாகக் கருத மறுத்தலே நம்பிக்கை.

நாம் அருளுரைகளில் கவனியாது விடும் செய்தி ஒன்று இங்குள்ளது. திறவுகோல் யாரிடம் இருந்தது? சாவதே நலம் எனக் கருதிய கிறிஸ்தியானிடம். நம்பிக்கை யாரிடம் இருந்தது? திறவுகோல் இல்லாத தோழனிடம். திறவுகோல் உடையவனுக்கு நம்பிக்கையில்லை. நம்பிக்கை உடையவனிடம் திறவுகோல் இல்லை. ஒருவன் மட்டும் அடைபட்டிருந்தால், அவன் யாராயினும், அக்கோட்டை முற்றத்தில் கிடந்த எலும்புகளோடு அவன் எலும்பும் சேர்ந்திருக்கும். சனிக்கிழமை நள்ளிரவு தொடங்கி விடியும்வரை இருவரும் இணைந்து மன்றாடியபின்பே கிறிஸ்தியானுக்குத் திறவுகோல் நினைவுக்கு வருகிறது. அவ்விடியல் ஞாயிறு விடியல் என்பதை வாசகர் தாமே உணர்ந்துகொள்ளுமாறு பன்யன் விட்டுவிடுகிறார். அப்பொழுதும் வெளிக்கதவின் பூட்டு எளிதில் திறக்கவில்லை; மிகுந்த முயற்சியின்பின்னரே திறந்தது. வாக்குத்தத்தத்தைப் பற்றிக்கொண்டவுடன் துன்பம் பஞ்சாய்ப் பறந்துவிடும் என்போர் இப்பூட்டையும் கருதவேண்டும்.

இறுதியில் மரண ஆற்றிலும் நிலை அதுவே. அமிழ்பவன் கிறிஸ்தியான், தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிப்பவன் நம்பிக்கையாளன். இத்தோழன் எங்கிருந்து வந்தவன்? மாயச்சந்தையில் உண்மையாளன் எரியூட்டப்பட்டதைக் கண்டு மனந்திரும்பியவன் அவன். ஒருவன் இறுதிவரை நிலைத்துநின்றமையின் பயனாக மற்றொருவன் எழுந்தான். அவன் தாங்கியதால் மூன்றாமவன் கரையேறினான். நிலைநிற்றல் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறும் செல்வமாகவே முதற்பாகத்திலும் விளங்குகிறது.

3. மேய்ப்பர் எழுதிய இரண்டாம் பாகம்

1672இல் விடுதலை பெற்ற பன்யன், அவ்வாண்டிலேயே பெட்ஃபோர்டு சபையின் மேய்ப்பரானார். 1684இல் இரண்டாம் பாகம் வெளிவந்தபோது அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு மேய்ப்புப் பணியின் பட்டறிவு இருந்தது. முதற்பாகம் தொடக்கத்திலேயே தன்னைச் சிறையோடு தொடர்புறுத்திக்கொள்கிறது. இரண்டாம் பாகமோ சபையில் உருவானது. இவ்வேறுபாட்டை மறந்தால் இரண்டாம் பாகத்தின் சிறப்பு விளங்காது.

இப்பொழுது பயணம் செய்பவர், முன்னர் விடப்பட்ட மனைவி கிறிஸ்தியானாள். அவளுடைய நான்கு புதல்வர். அண்டைவீட்டுப் பெண் இரக்கம். பெருநெஞ்சன் என்னும் வழிகாட்டி உடன்வருகிறான். பாதை அதே பாதை. ஆயினும் நடை வேறு. குழந்தைகளின் கால்களுக்கேற்ப நடக்கின்றனர், இளைப்பாறுகின்றனர், விடுதிகளில் நெடுநாள் தங்குகின்றனர். கிறிஸ்தியான் அப்பொல்லியோனோடு போரிட்ட தாழ்மைப் பள்ளத்தாக்கு, இவர்களுக்கு அந்நாட்டிலேயே வளமிக்க நிலமாகக் காட்சியளிக்கிறது. ஆடு மேய்க்கும் சிறுவனொருவன் அங்கே பாடிக்கொண்டிருக்கிறான். ஒருவருக்குப் போர்க்களமாயிருந்த அதே துன்பம் இன்னொருவருக்கு மேய்ச்சல் நிலமாயிருக்கக்கூடும் என்பதைப் பன்யன் அறிந்திருந்தார். எனவே ஒருவருடைய பட்டறிவை மற்றொருவர்க்கு அளவுகோலாக்குவது தவறு.

வழியிற் சேரும் பயணிகளே இப்பாகத்தின் உயிர். திடனற்றான் என்பவன் பிறவியிலேயே உடலும் உள்ளமும் வலுவற்றவன். பிறர் சிரிப்பும் தனக்குச் சுமையாகும் என்றெண்ணிப் பின்தங்க விரும்புகிறான். பெருநெஞ்சன் அதற்கு ஒப்பவில்லை. வலுவற்றோரைத் தாங்குமாறு தான் பணிக்கப்பட்டிருப்பதாகவும், அவனுக்காகக் காத்திருப்பதாகவும், அவன்பொருட்டுச் சில செய்திகளைப் பேசாதும் செய்யாதும் விட்டுவிடுவதாகவும் உறுதியளிக்கிறான். அவ்வேளையில் ஊன்றுகோல்களோடு தடுமாறுவான் வந்து சேர்கிறான். இப்பெயர்கள் திருமறையிலிருந்து எடுக்கப்பட்டவை. முன்னது தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் குறிப்பிடும் திடனற்றோரை நினைவூட்டும். கிரேக்க மூலத்தில் அச்சொல் ‘சிறுத்துப்போன உள்ளமுடையோர்’ எனப் பொருள்படும். பின்னது முப்பத்தெட்டாம் சங்கீதத்தின் புலம்பலிலிருந்து வந்தது.

அச்சத்தான் என்பவனின் கதை இவற்றினும் நெஞ்சை உருக்குவது. அவன் சோர்வென்னும் உளையின் கரையில் ஒரு மாதத்திற்கு மேல் கிடந்தான். கடந்துவந்தபின்னும் அவ்வுளையைத் தன் உள்ளத்திலேயே சுமந்து திரிந்தான். துன்பமலையும் சிங்கங்களும் மாயச்சந்தையும் அவனை அச்சுறுத்தவில்லை. தான் ஏற்றுக்கொள்ளப்படுவோமோ என்பதொன்றே அவன் அச்சம். அத்தகையவன் மரண ஆற்றை நெருங்கியபோது, முன்னெப்பொழுதும் காணாத அளவிற்கு நீர் குறைந்திருந்தது. பாதம் நனைந்த அளவிலே கடந்துவிட்டான். ஆற்றின் ஆழம் கடப்பவரின் விசுவாசத்திற்கேற்பக் கூடும் குறையும் என்று முதற்பாகத்தில் கூறியவரே பன்யன். இங்கு அவ்விதியை அருளினால் தாமே தளர்த்துகிறார். விசுவாசம் குறைந்தவனுக்கு ஆறு ஆழமாயிருந்திருக்க வேண்டும்; ஆனால் இறைவன் அவன் அச்சத்தை அறிந்து ஆற்றையே குறைத்தார். வாழ்நாளெல்லாம் ஐயத்தோடு போராடிய சபையார் எத்தனையோ பேரின் படுக்கையருகே அமர்ந்தெழுந்த ஒரு மேய்ப்பரே இதனை எழுதியிருக்க இயலும்.

4. இரு மறுப்புகள்

இரண்டாம் பாகத்தை முதற்பாகத்திற்கு நிகராக வைப்பதற்கு எழும் மறுப்புகளைப் புறக்கணித்தல் முறையன்று. முதலாவது, இலக்கிய மறுப்பு. இரண்டாம் பாகத்தில் பதற்றம் குறைவு. பெருநெஞ்சன் இராட்சதரை எளிதில் வெல்கிறான். வினாவிடை முறையிலான போதனைகள் நீள்கின்றன. பெண்கள் எப்பொழுதும் ஆண் வழிகாட்டியை நம்பியே நடக்கின்றனர். தமக்கு முன் கணவர் தனித்து நடந்த வழியை மனைவி தனித்து நடக்கலாகாதா என்னும் வினா நியாயமானது. அதிலும் பன்யனின் மனைவி நீதிமன்றத்தில் தனித்து நின்றவர். இக்குறைகளை ஒப்புக்கொள்கிறோம். கதை என்னும் நிலையில் முதற்பாகமே சிறந்தது. ஆயின் நிலைநிற்றல் குறித்த இறையியலில், முதற்பாகம் குறிப்பாக உணர்த்தியதை இரண்டாம் பாகம் வெளிப்படையாக நிறுவுகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது. பொறுமையைப் பாராட்டும் நூல்கள் ஒடுக்கப்பட்டோரை அடங்கியிருக்கப் பழக்குகின்றன என்பது அது. சாதியினாலும் வறுமையினாலும் வதைபடுவோரிடம் ‘சிலுவையைச் சும’ என்று கூறிவிட்டு, அச்சுமையை ஏற்றிவைத்தவரைக் கேளாது விடும் பழக்கம் திருச்சபையில் இருந்ததில்லையா? இருந்தது, இன்னும் அற்றுப்போகவில்லை. எனவே இம்மறுப்பைப் பன்யன் முன்னும் வைத்தல் வேண்டும்.

நூலே இதற்கு விடை தருகிறது என எண்ணுகிறேன். மாயச்சந்தை நீதிமன்றத்தில் உண்மையாளன் வாயடைத்து நிற்கவில்லை. நன்மையை வெறுக்கும் நீதிபதியின் முன், குற்றச்சாட்டு ஒவ்வொன்றிற்கும் மறுமொழி கூறியே இறக்கிறான். பொறுமை ஊமைத்தனமன்று. மேலும் ஐயக்கோட்டையின் முடிவைப் பார்க்கவேண்டும். முதற்பாகப் பயணிகள் இருவரும் தப்பியபின், பின்வருவோர் அவ்வழியிற் சென்று அகப்படாதிருக்க ஒரு தூணை நாட்டி எச்சரிக்கை எழுதிவைத்தனர். அவர்களால் இயன்றது அவ்வளவே. இரண்டாம் பாகப் பயணிகளோ திரளாக வந்தனர். இராட்சதனைக் கொன்று, கோட்டையை ஏழு நாட்கள் உழைத்து இடித்தனர். உள்ளே பட்டினியால் சாகுந்தறுவாயிலிருந்த சோர்ந்தானையும் அவன் மகள் பேரச்சத்தாளையும் மீட்டனர். அன்று நடந்த விருந்தில் தடுமாறுவான் ஒரு கையில் ஊன்றுகோலோடு அப்பெண்ணுடன் கூத்தாடினான். துன்பத்தைத் தாங்குதல் ஒரு கடமை. பிறரை அடைத்துவைக்கும் கோட்டையை இடித்தல் மற்றொரு கடமை. முன்னது இருவரால் இயலும். பின்னதற்கு ஒரு சபையே வேண்டும். பாவம் அக்கோட்டையை மீண்டும் கட்டக்கூடும் என்று பன்யன் எச்சரிக்கவும் மறக்கவில்லை.

5. தமிழ்க் காப்பியம் தந்த இசை

நம் நாட்டில் இந்நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. நெல்லை மண்ணில் வைணவ மரபிற் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற அப்புலவர், கம்பனிற் தோய்ந்த தம் புலமையெல்லாம் அக்காப்பியத்தில் வைத்தார். அவர் தழுவியது முதற்பாகக் கதையே. இரண்டாம் பாகத்தின் சபைப் பயணம் காப்பிய உருவம் பெறாதுபோனமை நமக்கு ஓர் இழப்பே.

ஆயினும் அவர் செய்த இரு மாற்றங்கள் எம் கருத்திற்கு அரண் செய்கின்றன. ஒன்று, இரட்சகருடைய பாடுகளை அவர் விரிவாகப் பாடிச் சேர்த்தமை. பன்யனின் முதற்பாகத்தில் சிலுவை சில வரிகளில் வந்து மறையும். கிருஷ்ணபிள்ளையிடமோ, பயணிக்கு முன்னே அவ்வழியில் நடந்தவர் யார் என்பதே காப்பியத்தின் நெஞ்சாக நிற்கிறது. மற்றொன்று, தேவாரங்கள் என்னும் பெயரால் அவர் இடையிடையே அமைத்த இசைப்பாடல்கள். பயணி தன் துயரைத் தனக்குள் எண்ணி மருகாது, பாடலாக்கி இறைவனிடம் முறையிடுகிறான். பக்திப் பாடல் என்பது தமிழ் மரபில் ஒருவர் வாயிற் பிறந்து பலர் வாயில் வாழ்வது. காப்பியத்தை ஒருபோதும் முற்றப் படித்திராதவரும் அப்பாடல்களைச் சபையில் கேட்டிருக்கக்கூடும். தனிப்பயணியின் முறையீடு இவ்வாறு சபையின் முறையீடாகிறது. துணைக்கு ஆளில்லாத இரவில், பிறர் பாடிவைத்த பாடலும் ஒரு துணையே என்பதைப் படுக்கையிற் கிடந்த முதியோர் பலர் அறிவர்.

6. திருமறையின் ஒளியில்

எபிரெயர் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரம், ஓட்டத்தைப் பொறுமையோடு ஓடுமாறு கூறுகிறது. நாம் இதனைத் தனியோட்டக்காரனுக்குரிய அறிவுரையாகவே எடுத்துக்கொள்கிறோம். ஆயின் அதிகாரம் மேகம்போன்ற திரளான சாட்சிகளோடு தொடங்குகிறது; இயேசுவை நோக்குமாறு கூறுகிறது; பின்னர்த் தளர்ந்த கைகளையும் தள்ளாடும் முழங்கால்களையும் பற்றிப் பேசி, முடவர் வழிவிலகிப் போகாது நலம்பெறும்படி பாதைகளைச் செவ்வையாக்கச் சொல்கிறது. முடவர் விரைந்து ஓடவேண்டும் என்று அங்குக் கட்டளையில்லை; உடன்செல்வோர் பாதையைச் சீர்செய்யவேண்டும் என்றே கட்டளை. ‘பொறுமை’ என நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லாகிய ‘ஹுப்பொமொனே’ சுமையின்கீழ் நிலைத்திருத்தல் என்னும் கருத்துடையது. சுமையின்கீழ் நிற்பவருக்கு முதலில் வேண்டியது அச்சுமைக்குத் தோள்கொடுக்கும் மற்றொருவர்.

அங்ஙனமாயின் தனி விசுவாசத்திற்கு இடமேயில்லையா எனின், உண்டு. திறவுகோல் கிறிஸ்தியானின் மார்பிலேதான் இருந்தது. அதனை வேறொருவர் அவனுக்காகச் சுமக்கவில்லை. ஒவ்வொருவரும் ஆற்றைத் தாமே கடக்கவேண்டும். இரண்டாம் பாகத்தின் இறுதியில் தடுமாறுவான் ஊன்றுகோல்களை எறிந்துவிட்டு நீரில் இறங்குகிறான். பேரச்சத்தாள் பாடிக்கொண்டே செல்கிறாள். அவள் பாடியது இன்னதெனக் கரையிலிருந்த எவருக்கும் விளங்கவில்லை. விசுவாசத்தின் இறுதிச் சொல் இறைவனுக்கும் அவ்வுயிருக்கும் இடையே நிகழ்வது. ஆயினும் அக்கரைவரை அவளைக் கொணர்ந்தவர் பிறர்.

அவ்வம்மையாரின் வினாவிற்கு மீண்டும் வருகிறேன். அவருக்கு யான் ஆற்றியிருக்கவேண்டிய அருளுரை வேறு. உண்மையில் அருளுரையே அன்று. நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை உடனிருந்து மன்றாடியவனின் இடத்தை அவ்வில்லத்தில் யார் நிரப்புவது என்று சபையைக் கேட்டிருக்கவேண்டும். பிந்தியேனும் சிலரை அழைத்துச் சென்றேன். பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த இருவர், மாலைதோறும் அவர் வீட்டுத் திண்ணையில் அமரலாயினர். முதல் சில வாரங்கள் அவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்ச்செய்தி பேசினார்களேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. சில மாதங்களுக்குப்பின் ஒருநாள் அவ்வம்மையார் தகப்பனாரின் பழைய பிரதியை எடுத்துவந்து, விட்ட இடத்திலிருந்து அவர்களுக்குப் படித்துக் காட்டினார் என அறிந்தேன். வாயிற்படியில் வெயிலில் அமர்ந்திருந்த பெட்ஃபோர்டுப் பெண்களை அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் இந்நூலை இரு பாகங்களாகவும் படிக்கவேண்டும் என்பது எம் வேண்டுகோள். முதற்பாகத்தை மட்டும் படித்தவர், துன்புறுவோரிடம் ‘திறவுகோல் உம்மிடம் உள்ளது’ என்பார். அது மெய்யே. இரண்டாம் பாகத்தையும் படித்தவர், அதனைச் சொல்வதற்குமுன் நிலவறைக்குள் இறங்கி, அவரருகே தரையில் அமர்வார்.